பீரோக் கண்ணாடி

"இம்புட்டுப் பெரிய கண்ணாடியாண்ணே! அப்ப நம்ம கண்ணு எம்புட்டுப் பெருசுன்னு நெனச்சிருக்கா?"

ஆண்டிச்சாமி சிரித்தான். அவன் அண்ணன் நல்லசாமி சிரிக்கவில்லை.

வெள்ளனே பூண்டுக் காட்டுக்குப் போனால் இருட்டித்தான் இருவரும் திரும்புவார்கள். அன்று களையெடுக்க ஆள் வராததால் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். வீட்டுப் படியில் கால் வைக்கும்போது நல்லசாமியின் கண்ணில் பளீரென்று வெளிச்சம் அடித்தது.

நிமிர்ந்து பார்த்தார். எதிர்மேட்டில் குப்பம்மாள் வீட்டுச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அவர் வீட்டைப் பார்த்துச் சாய்த்துக் கட்டியிருந்தது.

திருஷ்டிக்குக் கண்ணாடி மாட்டுகிறவர்கள் மன்னவனூரில் உண்டு. கையகலம் இருக்கும். பார்க்கிறவன் கண் அவன் மேலேயே திரும்பிவிடுமாம்.

வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் நாலு வருஷமாகப் பேச்சில்லை. நல்லசாமி மேடேறினார். பின்னாலேயே தம்பி.

"ஏய் குப்பம்மா! வெளிய வா."

ஈரக் கையோடு வந்தாள்.

"என்னிக்குக் கட்டின இத?"

"மார்கழி பொறந்தப்ப."

"அதான் என் பொண்டாட்டி எந்திரிக்க மாட்டேங்குறா! மூணு மாசத்துல நடந்துருவான்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மரக்கட்டையாக் கெடக்கா."

"வீரம்மா விழுந்தது ஐப்பசியிலங்க. இது அதுக்கப்புறம்."

"விழுந்தவள எந்திரிக்க விடாமப் பண்றது இதுதான? இல்லைன்னா சொல்லு. பீரோக் கதவுல இருந்ததக் கழட்டி எங்க வீட்டப் பாத்துக் கட்டுறதுக்கு ஒனக்கு என்ன சோலி?"

குப்பம்மாள் கீழே அவர் வீட்டைப் பார்த்தாள். சன்னல் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"உங்க கண்ணு ஆகாதுன்னுதான் கட்டினேன். போதுமா?"

"கேட்டுக்கடா. அவ வாயாலயே சொல்லிட்டா."

கல்லைப் பொறுக்கிக் கொடுத்தது ஆண்டிச்சாமி. எறிந்தது நல்லசாமி. முதல் கல் சுவரில் பட்டது. இரண்டாவதில் கண்ணாடி உதிர்ந்தது.

குப்பம்மாள் தடுக்கவில்லை. கடைசிச் சில்லு விழும்வரை நின்றாள். பிறகு விளக்குமாறு எடுக்க உள்ளே போனாள்.

நல்லசாமிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் பல நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. வீட்டுக்குள் வந்து மனைவியின் கட்டிலில் உட்கார்ந்தார். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவள் காலைத் தொட்டவர் திடுக்கிட்டார்.

"ஏலே ஆண்டி, இங்க வாடா! தொட்டுப் பாரு. காலு சூடா இருக்குடா!"

ஆண்டிச்சாமி தொட்டுப் பார்த்தான். "ஆமாண்ணே."

"காலையில கூட ஐஸ் கணக்காக் கெடந்துச்சு. கண்ணாடிய ஒடச்ச கையோட ரத்தம் ஓடிருச்சு பாரு. வீரம்மா, இனி நீ வெரசா நடந்துருவ."

போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

வீரம்மாள் இருண்டுபோன சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வெயிலுங்க," என்றாள். "மலை மறைக்கிற வெயில எங்காலுக்குக் கொஞ்சம் திருப்பிவிடுன்னு அவளக் கேட்டது நான்தான். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."