அருமைநாயகத்தின் ஆமென்

உபவாச ஜெபம் முடிந்து சபையார் எல்லோரும் போய்விட்டார்கள். அருமைநாயகம் மட்டும் வழக்கம்போலக் கஞ்சிக் கோப்பையோடு நின்றார். பாஸ்டர் ஜெபநேசன் உபவாசத்தை முடிப்பது அவர் காய்ச்சும் கஞ்சியில்தான்.

பாஸ்டர் பசியில் மடமடவென்று குடித்து முடித்தார்.

"இண்டைக்குக் கொஞ்சம் கசக்குது அண்ணை."

"வெந்தயம் போட்டனான், பாஸ்டர்."

"உங்களைப்போல ஒராள் கிடைச்சது என்ரை பாக்கியம்."

"ஊழியக்காரரின்ரை கையைத் தாங்கிறதுதானே எங்கடை வேலை."

பாஸ்டர் சிரித்தார். "பக்கத்து வளவு நாயின்ரை சத்தம் நிக்கவேணுமெண்டு ஜெபிச்சம், நிண்டிட்டுது. காணி தரமாட்டனெண்ட கதிரவேலருக்காகவும் ஜெபிச்சம். கொட்டில் எரிஞ்ச பிறகு அவரே வந்து எழுதித் தந்திட்டார். கர்த்தர் கேக்கிறார் அண்ணை!"

"கேக்கிறார்தான். ஆனா ஆரோ ஒராள் செய்யவேணுமே, பாஸ்டர்."

"என்ன சொல்லுறியள்?"

"நாய்க்குச் சோத்திலை கலந்து வைச்சன். கொட்டிலுக்கு ஒரு நெருப்புக்குச்சி போதுமாயிருந்தது." அருமைநாயகம் தலையைக் குனிந்து பணிவாகத்தான் சொன்னார்.

பாஸ்டர் கையிலிருந்த வெறுங்கோப்பையைப் பார்த்தார். இன்றைய ஜெபத்தில், களைப்பில், அழுதழுது தான் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

"போதும் ஆண்டவரே, என்னை உம்மிடம் எடுத்துக்கொள்ளும்."

அப்போது சபையார் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரேயொரு குரல் மட்டும் உரத்து "ஆமென்" சொன்னது.

அருமைநாயகம் கோப்பையை மெல்ல வாங்கி, அடியை எட்டிப் பார்த்தார்.

"மிச்சம் வைக்காமல் குடிச்சிட்டியள். நல்லது பாஸ்டர். இருங்கோ, நான் பக்கத்திலைதான் நிப்பன்."