மூன்றாம் நம்பர் மெஷின்

"எழுந்திரு கிருஷ்ணவேணி. அது எம் மெஷின்."

பொன்னி சொன்னது காதில் விழாத மாதிரி கிருஷ்ணவேணி உருளையில் பேப்பரைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை. மெஷினை அந்தந்த இன்ஸ்டிடியூட்தான் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். திண்டிவனத்திலிருந்து காலையில் லாரியில் வந்தவை பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆளுக்கு ஒன்று, உபரி கிடையாது.

மூன்றாம் நம்பரில்தான் பொன்னி ஒரு வருஷமாகப் பழகியிருந்தாள். பெருமுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கல்லு மாதிரி இறுகிய அதன் சாவிகளைத் தட்டித் தட்டி விரல் காய்த்துப் போயிருந்தது. பழகின மெஷினைப் பரீட்சையன்று மாற்றினால் என்ன ஆகும் என்று டைப் அடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

லோயர் தேறினால் வக்கீல் ஆபீஸில் வேலை, பேசியாகிவிட்டது. தேறாவிட்டால் தை மாசம் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா அதில் கறாராக இருந்தார். காலையிலிருந்து பொன்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"உன் பேரு எழுதி ஒட்டியிருக்குதா இதுல? நான் இங்கதான் உக்காருவேன்" என்றாள் கிருஷ்ணவேணி. ரைஸ்மில்காரர் மகள். கார் வெளியே நின்றது.

பொன்னி ஓடிப்போய் இன்ஸ்டிடியூட் நடத்தும் பாண்டுரங்கனிடம் முறையிட்டாள். நியாயம் பேசுகிற மனுஷர்தான். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவங்கப்பா பில்டிங்லதான் நம்ம இன்ஸ்டிடியூட்டே நடக்குது. பேஜாரு பண்ணாம அவ மெஷின்ல போய் உக்காரும்மா."

பரீட்சை ஹாலிலும் பணம்தான் முதல் வரிசையில் உட்காருகிறது, வேறென்ன சொல்ல.

கிருஷ்ணவேணியின் மெஷின் வெண்ணெயாக இருந்தது. பொன்னி தன் வழக்கத்துக்கு ஓங்கித் தட்டினால் பேப்பரே ஓட்டையாகிவிடும் போலிருந்தது. விரலை அடக்கிப் பார்த்தாள்.

மணி அடித்தது. ஹால் முழுக்க ஆலங்கட்டி மழை.

முதல் பாராவில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். அப்புறம் கை பழகிவிட்டது. பாதிப் பக்கம் வந்திருக்கும்போது பக்கத்தில் சத்தம் நின்றது. மூன்றாம் நம்பரில் பேப்பரைச் சுமந்து நகரும் கேரேஜ் அசையாமல் நின்றுவிட்டது. ஒரே இடத்தில் எழுத்தின் மேல் எழுத்து விழுந்து கருப்பாகியிருந்தது. கிருஷ்ணவேணி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நல்லா வேணும் என்று நினைத்தாள் பொன்னி. நினைத்தபடியே கடைசி வரியையும் அடித்து முடித்தாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் கிருஷ்ணவேணி காரில் ஏறிப் போய்விட்டாள். லாரியில் மெஷின்களை ஏற்றிக்கொண்டிருந்த இன்ஸ்டிடியூட் வேலையாள் மாரியப்பனிடம் பொன்னி பொரிந்து தள்ளினாள்.

"ஒரு வருசம் கண்ணு மாதிரி வெச்சிருந்தேன் அண்ணே. ஒரே நாள்ல கெடுத்துட்டா பாருங்க. திமிரு."

மாரியப்பன் தூக்கிய மெஷினைத் திரும்பக் கீழே வைத்தார். பாண்டுரங்கன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"அது கெடுக்கலம்மா. காலைல எறக்கசொல்ல என் கைதான் நழுவிடுச்சி. கேரேஜ இழுக்கற நாடா பாதி அறுந்துபோச்சி. வெளிய தெரிஞ்சா என் வேலை பூடும்னு நின்னுக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு பாத்துடுச்சி."

"பாத்துட்டா?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்க, இதுல நான் உக்காந்துக்கறேன்னிச்சி. உனக்கும் பரீச்சைதானேம்மான்னு கேட்டேன். 'நான் பாஸ் பண்ணாலும் எங்க வூட்ல வேலைக்கு அனுப்ப மாட்டாங்க அண்ணே, அவளாவது போவட்டும்'னிச்சி."