சங்குக்கடைச் சிரிப்பு

"இன்னைக்கு ஒரு சங்காவது விக்கணும். இல்லேன்னா நாளைக்கு வராத" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் முதலாளி. விற்கும் வழியையும் அவரே ஒரு மணி நேரம் போதித்திருந்தார்: சிரிப்பு.

மாஷிதாவின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. கன்னம் வலிக்கச் சிரித்தாள்.

"ஐநூறுன்னா தருவியா?" என்றாள், ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வந்த மதுரைக்காரி.

"தாரேங்க்கா!"

"இம்புட்டுச் சிரிச்சிக்கிட்டுக் குடுக்குதே, அப்ப இருநூறுகூடப் பெறாது. வாங்க" என்று கணவரை இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

அங்கே இருந்தவர் முகத்தை எழவு வீடாக வைத்துக்கொண்டு, "கட்டாதும்மா, பிள்ளைகுட்டிக்காரன்" என்று மூக்கை உறிஞ்சினார். அதே மாதிரிச் சங்கு எழுநூறுக்குப் போனது.

அவர்கள் நகர்ந்ததும், எதிர்க்கடையில் இருந்தபடியே அவர் மாஷிதாவை முறைத்தார்.

"நம்ம அந்தக் கடையில நீ ஒழுங்காச் சிரிச்சிருந்தா, இந்தக் கடையில நான் அழுதிருக்க வேண்டியதில்லைல? நாளைக்கு வராத" என்றார், இரண்டு கடைக்கும் முதலாளி.