போடாத மோட்டார்

காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தலுக்கடியில் பிற்பகல் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. களை பிடுங்கிய ஈரமண் ஜோதிலட்சுமியின் விரல்களில் அப்பியிருக்கிறது. கழுவு, கழுவு என்று மனசு நச்சரிக்கிறது. சுத்தக்காரி என்று ஊரே அவளை மெச்சியது. தோல் வெடித்து ரத்தம் கசிந்த பிறகுதான், இது மனசின் நோய், மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால் குணமாகும் என்று தேனி டாக்டரம்மா சொன்னார். அதுவரை, கை கழுவ அவள் கேட்டபோதெல்லாம், நாளுக்கு முப்பது தடவைகூட, மோட்டார் போட்டுவிட்டவன் கணவன் சசிதரன். அதைப் பாசமென்றே நினைத்திருந்தான். இன்று ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“ஏங்க, ஒரே ஒருக்கா போடுங்க.”

“டாக்டரம்மா என்ன சொன்னாக? கழுவாம தாங்கிக்கிட்டா அதுவா அடங்கும்னாகல்ல. நான் இங்கனதான் இருக்கேன், ஜோதி.”

ஸ்டார்ட்டர் பக்கம் போகப் பார்த்த கையை அவன் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறான். கரிச்சான் ஒன்று பந்தல் கம்பியில் உட்கார்ந்து, வாலை ஆட்டிவிட்டுப் பறக்கிறது. மண் காய்ந்து வெளுத்து, ஜோதிலட்சுமி விரலை மடக்கும்போது பொடியாக உதிர்கிறது. நெஞ்சுப் படபடப்பும் மெல்ல இறங்குகிறது. அவள் எழுந்து அவனருகே வருகிறாள்.

“கேட்டதெல்லாம் செஞ்சீக. இன்னைக்குச் செய்யாம இருந்தீக பாருங்க, அதுக்குத்தான் ஒங்களக் கும்புடணும்.”

சொல்லிக்கொண்டே அந்தக் கையாலேயே அவன் நெற்றி வியர்வையைத் துடைக்கிறாள். நெற்றியில் மண்கோடு விழுகிறது. அதை அழிக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான் சசிதரன்.