அப்பாவின் அபஸ்வரம்

"என் மானமே போச்சு!"

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அம்மா ஆரம்பித்துவிட்டாள். அப்பா கிட்டாரை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எந்த மாடியில் சிக்கி நின்றாலும் அசராத மனிதர், இப்போது வெளியே ஓடும் கடைப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

"குழந்தை அழகா வாசிச்சிட்டு வரா. நடுவுல டொய்ங்னு ஒரு அபஸ்வரம். அதோட விட்டீங்களா? கையைத் தூக்கி, 'மன்னிக்கணும், தப்பு என்னோடது, முதல்ல இருந்து வாசிக்கிறோம்'னு மைக்ல அறிவிப்பு வேற! பள்ளிக்கூடமே சிரிச்சுது."

"கை வழுக்கிடுச்சு."

"நாப்பது நாளா வழுக்காத கை!"

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. நாற்பது நாளாக அப்பா வேலை விட்டு வந்ததும் கை கிரீஸைத் தேய்த்துக் கழுவுவார், டீயை நின்றபடியே குடிப்பார், மகளோடு சமையலறையில் போய் உட்கார்ந்துவிடுவார். கூடத்தைவிட அங்கேதான் சத்தம் கணீரென்று வருமாம். மகளுக்கு வயலின், அவருக்குக் கிட்டார். குறுக்கே குக்கர் விசில் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முறைப்பார்கள். "இந்த வீட்ல நான் சமைக்கட்டுமா, வேண்டாமா?" என்று அம்மா கேட்காத நாளில்லை.

பத்து வயது மகளை மேடை ஏற்றியதே பெரும்பாடு. போன வருடம் வகுப்பில் பாட்டு ஒப்பிக்க எழுந்தவள், பாதியில் மறந்து நின்றுவிட்டாள். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் எதையும் செய்ய மாட்டாள். "அப்பா பக்கத்துல உக்காந்து வாசிச்சா வரேன்" என்றுதான் இந்தப் பள்ளி விழாவுக்கே சம்மதித்தாள்.

"ரெண்டாவது தடவை அவ ஒரு பிசிறு இல்லாம முடிச்சா, கைதட்டல் கிடைச்சுது. இல்லேன்னா மறுபடியும் ஒடிஞ்சு போயிருப்பா. பாருங்க, மேடையை விட்டு இறங்கினதுலேருந்து ஒரு வார்த்தை பேசலை" என்றாள் அம்மா.

மகள் வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் அம்மா விடவில்லை. அவளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். போனில் எடுத்த வீடியோவைச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்து, அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிக் காட்டினாள்.

"நல்லா பாருங்க. இவ வில்லு ஓடிட்டேதான் இருக்கு. நீங்கதான் தப்பு. சாட்சி இருக்கு!"

"நான் எங்க இல்லேன்னு சொன்னேன்?" என்றார் அப்பா.

அப்போது போன் சிணுங்கியது. இசை டீச்சரிடமிருந்து செய்தி. அம்மா சத்தமாகவே படித்தாள்.

"'குழந்தை அருமையா வாசிச்சா. அடுத்த மாசம் பெரிய அரங்கத்துல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. ஆனா கூட வாசிக்க அப்பா வேண்டாம்னு தோணுது. பெரிய வகுப்புல நல்லா கிட்டார் வாசிக்கிற பொண்ணு இருக்கா. இனிமே அவளோடவே வாசிச்சுப் பழகட்டும். சம்மதமா?'"

கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது.

பகல் முழுக்க ஊரார் லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்கு, சாயங்காலம் மகளோடு வாசிக்கும் அந்த அரை மணி நேரம்தான் உயிர். அது அம்மாவுக்கும் தெரியும். வாய்க்கு வந்தபடி திட்டினாளே தவிர, இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"என்ன பதில் போடட்டும்?" குரல் இறங்கியிருந்தது.

"சரின்னு போடு. குழந்தைக்கு எது நல்லதோ அதைச் செய்வோம்." அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நான் முதல் வரிசையில உக்காந்து கேட்டுக்கறேன்."

அம்மா மனசே இல்லாமல் எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தாள்.

"அனுப்பாதேம்மா!"

விழா முடிந்த பிறகு மகள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏண்டா செல்லம்? அந்த அக்கா பிரமாதமா வாசிப்பாளாம். தப்பே பண்ண மாட்டா."

"அதனாலதான் வேண்டாம்."

"நல்லா இருக்கே! தப்பு பண்ற அப்பாதான் வேணுமா உனக்கு?"

"நீ சும்மா இரு, செல்லம்" என்று அப்பா மகளுக்குக் கண்ஜாடை காட்டினார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, வேணும். மூணாவது வரி எனக்குச் சுத்தமா மறந்துபோச்சும்மா. வில்லு மட்டும் பழைய ஸ்வரத்துலேயே ஓடிட்டிருந்துது. நான் திருதிருன்னு முழிக்கிறதுக்குள்ள, அப்பா முந்திக்கிட்டுத் தப்பா வாசிச்சாரே… அந்த மாதிரி தப்பு பண்ண அந்த அக்காவுக்குத் தெரியுமா?"