மிஸ் பென்ரோஸ் வீட்டு அழுக்கு

அழுகிய மீன் மட்டும் போதாது என்று பட்டது. மிஸ் ஹெஸ்டர் பென்ரோஸ் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பக்கத்து ஃபிளாட்டுப் பூனையின் கழிவு மணலை வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் கவிழ்த்தார்.

“இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொட்டுக்கா. அந்த ஆளு மொதல்ல சன்னல் பக்கம்தான் போவான்,” என்றார் தம்பி ரூபர்ட், நாற்காலியில் சாய்ந்தபடியே.

“நீ வந்து கொட்டேன்.”

“எனக்குக் கொமட்டுது.”

கடலைப் பார்த்த அந்த ஃபிளாட் ஹெஸ்டருடையதுதான்; ஆனால் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகையில். அதில் மிச்சம் அறுபத்திரண்டு. இப்போதே நீட்டிக்காவிட்டால், பிறகு அதை வாங்க வருகிறவனுக்கு எந்த வங்கியும் கடன் தராது.

குத்தகைக்கு விட்ட நிலத்துக்காரர் அனுப்பும் மதிப்பீட்டாளர் இன்று வருகிறார். ஃபிளாட்டுக்கு அவர் குறைத்து விலை போட்டால் நீட்டிப்புக் கட்டணமும் குறையும், சேமிப்பு போதும். கூட்டிப் போட்டால், வந்த விலைக்கு விற்றுவிட்டு ரூபர்ட் வீட்டுப் பின்னறைக்குப் போகவேண்டியதுதான். அந்த அறையில் ரூபர்ட்டின் மனைவி ஈரத்துணி காயப்போடுவாள்.

வீடு நாறினால் விலை இறங்கும் என்பது ரூபர்ட்டின் யோசனை. கிளப்பில் யாரோ சொன்னார்களாம். எழுபத்தோரு வயதுவரை கழுவாத ஒரு கோப்பையைக்கூட வெளியாள் கண்ணில் காட்டாதவர் ஹெஸ்டர். மூன்று நாளாகத் தன் வீட்டுக் காற்றை இழுத்துவிடவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மணி அடித்தது. ஸ்டப்ஸ் என்ற அந்த மதிப்பீட்டாளருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைக் காலர் வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே வந்ததும் வாயால் மூச்சுவிட ஆரம்பித்தார். ஆனால் முகம் சுளிக்கவில்லை.

சுவரை அளந்தார். சன்னல்களை எண்ணினார். “சமையலறை அலமாரியெல்லாம் நீங்க போட்டதா மேடம், முன்னாடியே இருந்ததா?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். பூனை மணலைத் தாண்டிக் கால் வைத்தாரே தவிர, குனிந்து பார்க்கவில்லை.

ஹெஸ்டருக்கே பொறுக்கவில்லை. “அந்தக் கறை என்ன தேய்ச்சாலும் போகல,” என்று சுட்டிக் காட்டினார்.

“அப்படிங்களா,” என்றார் ஸ்டப்ஸ். பேனா அசையவில்லை.

படுக்கையறையையும் அளந்துவிட்டு வந்தவர் தயங்கி நின்றார். “பென்ரோஸ்னா… மேட்டுத் தெருவுல இருந்தாரே, கேப்டன் பென்ரோஸ், அவரு குடும்பமா?”

“அவர் பொண்ணு நான்.”

“எங்கம்மா உங்க வீட்லதான் வேலை பாத்தாங்க. உங்கம்மா வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கிட்டு கதவுக்கு மேல தூசி இருக்கான்னு விரலால தடவிப் பாப்பாங்களாம். அப்பேர்ப்பட்ட வீடுன்னு இன்னிக்கும் சொல்லிட்டிருக்காங்க.” சொல்லி முடிக்கும்போதே அவர் பார்வை கம்பளத்தில் விழுந்து, அவசரமாக விலகியது.

ஹெஸ்டருக்குக் காது மடல்வரை எரிந்தது. இதெல்லாம் வேஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாயின் பெயர் பிழைத்துவிடும். ரூபர்ட் பின்னாலிருந்து இருமினார்.

“வயசாயிடுச்சு,” என்றார் ஹெஸ்டர். “முடியல.”

“ஒத்தாசைக்கு யாரும் இல்லீங்களா?”

“எங்க குடும்பமே இப்படித்தாங்க,” என்று ரூபர்ட் முந்திக்கொண்டார். “அம்மா காலத்துலயும் வந்தவங்களுக்குக் காட்டத்தான் சுத்தம். உள்ள இதே கதிதான்.”

ஹெஸ்டர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். மீனும் பூனை மணலும் அந்த நிமிஷம் அவருக்கு நாறவில்லை. ஆனால் ஈரத்துணி தொங்கும் அந்தப் பின்னறை கண் முன்னே நின்றது.

“எங்கம்மாகிட்ட இதைச் சொல்லமாட்டேன் மேடம்,” என்றார் ஸ்டப்ஸ் மெதுவாக.

அந்தப் பரிவையும் விழுங்கிக்கொண்டு ஹெஸ்டர் அவரை வாசல்வரை கொண்டுவிட்டார். முதுகு வளையாமல் நின்று கேட்டார். “எல்லாம் எழுதிக்கிட்டீங்கதானே?”

“அளவெல்லாம் எழுதிட்டேன்.”

“அளவு இல்ல. இந்த நாத்தம், கறை… இதுக்கெல்லாம் எவ்வளவு கழிப்பீங்க?”

ஸ்டப்ஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி, புரியாதவர்போல அவரைப் பார்த்தார். “கழிக்கறதா? அப்படியெல்லாம் கிடையாதே மேடம். குடியிருக்கறவங்க வீட்டை ஒழுங்கா வச்சிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டுத்தான் நாங்க விலை போடணும்.”

உள்ளே ரூபர்ட்டின் நாற்காலி கிறீச்சிட்டது.

“அப்போ… இது?” ஹெஸ்டரின் கை பின்னால் கம்பளத்தைக் காட்டியது.

“சட்டப்படி உங்க வீடு பளபளன்னு இருக்கு மேடம்.”