ஆதாமுக்கு முந்திய பிள்ளை

"ஆதாமுக்கு முந்திப் பொறந்ததுக்கு எந்த வாயால ஜெபம் பண்ணச் சொல்ற?" என்று போதகர் போடும் சத்தம் எதிர்வீட்டிலிருக்கிற நம் அடுப்படி வரை கேட்கிறது. நாமாகப் போய் ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது. "இருக்கிறது ஒரு வாய்தானேங்க, அதாலதான்" என்கிறாள், அருங்காட்சியகத்தில் எலும்புகளுக்கு வார்ப்பெடுக்கும் அவர் மனைவி. சாப்பாட்டு மேசையில், சாயங்கால வெயில் விழுகிற மூலையில், பல லட்சம் வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு பிள்ளையின் மண்டையோடு இருக்கிறது. அதுவும் அசல்கூட இல்லை, அவள் கையால் செய்த பிளாஸ்டர் நகல். "மனுஷனா குரங்கான்னே தெரியல. இதுக்கு ஆத்மா இருந்துச்சுன்னு யார் கண்டா?" "பெத்தவ கண்டிருப்பா." போதகர் குனிந்து பார்க்கிறார். பால்பற்களுக்குப் பின்னால், ஆறு வயதில் வருகிற கடைவாய்ப்பல் ஒன்று பாதி முளைத்து நிற்கிறது. சொட்டுகிற குழாயில் கட்டைவிரலை நனைத்து, ஞானஸ்நானம் கொடுத்துப் பழகிய கையால் அந்த நெற்றியில் சிலுவை போடுகிறார். பிளாஸ்டர் ஈரத்தைக் குடித்து அந்த இடம் மட்டும் கறுக்கிறது. அடுத்து பெயர் சொல்ல வேண்டும், இதற்கு ஏது பெயர்? ஆனால் அவர் வாய் தானாக "குட்டிம்மா" என்கிறது. போன வருடம் அடக்கம் செய்த ஆறு வயது மகளை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடுத்த மாதமே இருவரும் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார்கள். அவள் வேலையை விடவில்லையாம், அவரும் ஊழியத்தை விடவில்லையாம். பெயர் சொல்லிக் கொடுக்கிற ஞானஸ்நானத்துக்கு மட்டும் பக்கத்துச் சபைப் போதகரை வரவழைக்கிறாராம்.